வெயிலில் ஆள் விழாமல் காப்பது: கட்டட வேலைக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். இங்கே கத்திரி வெயில் என்றால், மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை, பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த 40 டிகிரியும் நிழலில் வைத்த கருவி காட்டுவது. காங்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி கட்டுகிறவருக்கு மேலே வெயில், கீழே தகட்டின் சூடு.

மோர் கொடுக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தடுமாற்றம் வருவது வரிசையில். ஆள் விழுந்த பிறகு ஐஸ் வாங்க ஓடுகிறார்கள். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோவில் தூக்கிப் போடுகிறார்கள். அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். தளம் போடும் நாளை, அதாவது மேல்தளத்துக்குக் காங்கிரீட் கொட்டும் நாளை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாத நாள் அது. நடவு, உப்பளம், நூறு நாள் வேலை, தேர் இழுப்பது என்று எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

1. வெப்பச் சோர்வு, ஹீட் ஸ்ட்ரோக்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்

உடம்பைக் குளிர்விப்பது வியர்வை. சரியாகச் சொன்னால், வியர்வை காய்வது. பாண்டு (காங்கிரீட் சட்டி) தூக்கும்போது தசையும் உள்ளே சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோல் பக்கம் ஓடுகிறது, வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் தலை சுற்றும், உமட்டும், கால் தள்ளாடும். இதுதான் வெப்பச் சோர்வு. ஆள் துவண்டு போயிருப்பார், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும்.

அதைக் கவனிக்காமல் விட்டால் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைத் தாக்கும். பேச்சு குழறும், நடவடிக்கை மாறும், நினைவு தப்பும். அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போகும் நிலை. இரண்டையும் பிரிக்கும் கோடு ஒன்றுதான்: புத்தி தெளிவாக இருக்கிறதா, இல்லையா. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதையோ, வியர்வை இருக்கிறதா என்று தேடுவதையோ நம்பாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் தோல் வறண்டுவிடும் என்று பலர் படித்திருப்பார்கள். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். வேலை செய்து விழுகிறவர் பெரும்பாலும் உடம்பெல்லாம் வியர்வையோடுதான் விழுவார்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் கருவி 36 காட்டினாலும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். அதனால் உடம்பு குளிராது. வேலூரைவிட வெயில் குறைவுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

2. முதல் நாள் மாலையே எடுத்து வைக்க வேண்டியவை

இதை மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் நடக்காது. காலையில் மிக்சர் வந்துவிடும், ஜல்லி குறையும், யாருக்கும் நேரம் இருக்காது.

குடிதண்ணீர் ஆளுக்கு 8 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். கை கால் கழுவுவது இதில் சேராது. மண்பானையோ, ஈரச்சாக்கு சுற்றிய கேனோ இருந்தால் நல்லது. மொட்டை மாடி கறுப்பு டேங்க்கில் இருக்கும் தண்ணீர் பதினோரு மணிக்கெல்லாம் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், அதை யாரும் குடிக்க மாட்டார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இருபது. இது தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். பாக்கெட்டில் டபிள்யூ.ஹெச்.ஓ. (உலக சுகாதார நிறுவனம்) ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழச்சுவையோடு டப்பாவில் வரும் சர்க்கரைப் பானம் வேறு, இது வேறு.

குளிர்விப்பதற்குத் தனியாக ஒரு டிரம் தண்ணீர், நிழலில். காங்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங் தண்ணீரோடும், சிமெண்ட் பால் கலந்த டிரம்மோடும் இதைக் கலக்காதீர்கள், சிமெண்ட் தண்ணீர் தோலையும் கண்ணையும் அரிக்கும். தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் இருந்து எடுத்த தண்ணீர்தான் மே மாதத்தில் குளிர்ச்சியாக இருக்கும். அதோடு ஓட்டை இல்லாத ஒரு பெரிய தார்ப்பாய், நான்கைந்து பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டி, ஒரு குடம். மீன் மார்க்கெட்டிலோ ஐஸ் கடையிலோ பத்து கிலோ ஐஸ் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் மரத்தூள் போட்டு மூடி வையுங்கள். 

அப்புறம், சைட் முகவரியை ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். எந்தச் சாலை, எந்தக் கோயில் திருப்பம், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் என்று எழுத வேண்டும். புறநகர் மனைகளுக்குத் தெருப் பெயரே இருக்காது. 108-க்குப் போன் செய்கிறவர் பதற்றத்தில் வழி சொல்லத் தெரியாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. புது ஆட்களைத் தனியாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். பழகாத உடம்புக்கு இதெல்லாம் தெரியாது. வெளியில் வேலை செய்து வெப்பத்தால் இறப்பவர்களில் பாதியிலிருந்து 70 சதவீதம் பேர் வரை வேலைக்கு வந்த முதல் சில நாட்களில் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்கிறது. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

ஒரு தடவை, காட்பாடியில் ரயில் இறங்கி வந்த பையன் ஒருவன், இரண்டு நாள் பயணம், சரியான தூக்கமில்லை. வந்த மறுநாளே தளம். வயது இருபதுக்குள், நல்ல உடல்கட்டு. அதனால் யாருக்கும் கவலை வரவில்லை. பதினொன்றரை மணிக்கு எந்தக் காரணமும் இல்லாமல் பக்கத்து ஆளோடு சண்டைக்குப் போனான். குடித்திருக்கிறான் போல என்று மேஸ்திரி அவனை மணல் குவியலுக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். நானும் சரி என்றேன். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கை கால் வெட்டிக்கொண்டிருந்தது. பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்படியே ஊருக்குப் போய்விட்டான். அந்தச் சண்டைதான் அறிகுறி என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் கணக்கு இது. புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்கு, மற்ற நேரம் நிழலில் வேலை. தினமும் இன்னொரு பங்கு கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலை. ஏற்கெனவே பழகியவர் திருவிழாவுக்கோ உடம்பு சரியில்லாமலோ ஒரு வாரம் போய்விட்டு வந்தால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுதும். இது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு. இங்கேயும் சரியாக வருகிறது. தளம் போடும் நாளன்று புது ஆளை மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். கீழே தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும், சாக்கு அடுக்கட்டும். கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அவர் அடுத்த முறை புது ஆள் என்று சொல்ல மாட்டார்.

கண்ணில் வைக்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் உண்டு. முதல் நாள் ராத்திரி குடித்தவர், வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து எழுந்தவர், கனத்த உடம்புக்காரர், அறுபதைத் தாண்டியவர், கர்ப்பிணிகள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, சளி மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் சீக்கிரம் தாக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள். காலையில் டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

4. நேரத்தை மாற்றுங்கள்

விடிகாலை ஐந்து மணிக்குக் காங்கிரீட் விழ ஆரம்பிக்க வேண்டும், பதினொன்றுக்குள் முக்கால்வாசி முடிய வேண்டும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மேலே ஆள் இருக்கக்கூடாது. பெரிய தளம் என்றால் சாயந்திரம் நான்கு மணிக்கு ஆரம்பித்து விளக்குப் போட்டு முடிக்கலாம்.

வீட்டுக்காரரோ ஒப்பந்தக்காரரோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காங்கிரீட்டின் பெயரைச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் போட்ட தளம் சீக்கிரம் இறுகும், மேலே ஈரம் வேகமாகக் காய்ந்து அன்றே மயிரிழை விரிசல் விடும். ஆளுக்காக நேரத்தை மாற்றாதவர்கள்கூட தளத்துக்காக மாற்றுவார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனாலும் ஆள் நிழலில் இருந்தால் போதும்.

5. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர்

தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே பின்தங்கிவிட்டது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு டம்ளர். இதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் நடக்காது. தண்ணீர் தூக்கிக்கொண்டு ஆளிடம் போவதற்கென்றே ஒருவரை வையுங்கள். கீழே பானை இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து குடியுங்கள் என்றால் சாரத்தில் இருந்து யாரும் இறங்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது. வெறும் தண்ணீரை மொடா மொடாவாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், அதுவும் ஆபத்துதான். நான்கைந்து மணி நேரம் வியர்த்து வேலை செய்கிறவருக்கு உப்பும் போக வேண்டும். காலையில் பழைய சோறு நீராகாரத்தோடு, பத்து மணிக்கு உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ, ஊறுகாயோடு. நம் பழைய சாப்பாடே இதைச் சரியாகச் செய்துவிடும். வெறும் வயிற்றோடு வந்தவரை மேலே ஏற்றாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். கலக்குவதில் எப்போதும் தப்பு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு ஏறி, தாகமும் வாந்தியும் கூடும். சோடாவில் கலக்குவது, மேலே இன்னும் சர்க்கரை போடுவது எல்லாம் வேண்டாம். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை சின்ன ஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு அன்றாடம் மோரே போதும். சோர்ந்து விழுந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். டீ ஒன்றிரண்டு குடித்தால் தப்பில்லை.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சைட்டில் ஒதுங்க இடம் கிடையாது என்பதுதான் காரணம். உப்பளங்களிலும் இதே கதைதான். நீர்க்கடுப்பில் தொடங்கி சிறுநீரகம் வரை போகிறது. "அக்கா, தண்ணி குடிங்க" என்று நூறு தடவை சொல்வதைவிட நான்கு தகரமும் ஒரு தாழ்ப்பாளும் போட்டு மறைப்பு கட்டிக் கொடுப்பது பலன் தரும். தண்ணீர்ப் பானை வைப்பதற்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல இருந்தால் நல்லது. நல்லெண்ணெய் நிறம் என்றால் தண்ணீர் போதவில்லை. கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்கு வருகிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

6. நிழல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்

ஐம்பது அடிக்குள் நிழல் இல்லை என்றால் யாரும் போக மாட்டார்கள். தென்னங்கீற்றோ பச்சை வலையோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தகர ஷெட் நிழல் தருவது போலத் தெரியும், உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு. ஓய்வில் தலைக்கவசத்தைக் கழற்றி, முகம், கழுத்து, முன்கைகளை நனைக்கச் சொல்லுங்கள். உடைக்குப் பருத்தி, முழுக்கை, வெளிர் நிறம். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றினால் இதமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் நேர் வெயில் தோலில் பட்டு இன்னும் சூடேறும்.

7. முகத்தைப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள்

தனக்கு முடியவில்லை என்பதை ஆள் தானே உணர்ந்து சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூளையில் சூடு ஏறினால் அந்த உணர்வே மழுங்கிப் போகும். அதனால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். ஓய்வுக்குத் தனியாக யாரும் போகக்கூடாது. காட்பாடியில் இறங்கி வந்த அந்தப் பையன் விஷயத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான், தனியாக அனுப்பியது.

முதலில் வருவது பெரும்பாலும் கெண்டைக்கால், தொடை, வயிற்றில் தசைப்பிடிப்பு. குரக்களி என்று தேய்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். அது உப்பும் நீரும் குறைகிறது என்பதற்கான எச்சரிக்கை மணி. அப்போதே இறக்கிவிட்டால் மீதி பெரும்பாலும் வராது.

அடுத்து தலைவலி, கிறுகிறுப்பு, உமட்டல், முகம் வெளிறுவது, கண் இருட்டுவது. கை மெதுவாகும். வழக்கமாகப் பாட்டோ பேச்சோ இருக்கிறவர் அமைதியாகிவிடுவார். கரணை கை நழுவும். பாண்டைத் தவறான இடத்தில் கொட்டுவார். இதெல்லாம் சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், திட்டத் தோன்றும். வெயில் நாளில் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய்? சட்டென்று பதில் வந்தால் சோர்வு. முழித்தால், உளறினால், எரிந்து விழுந்தால், தள்ளாடினால் நேராக 9-ஆம் படிக்குப் போங்கள்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் சைட்டில் இருந்தால் மூன்று சொற்களை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். இந்திக்காரர் "சக்கர் ஆ ரஹா ஹை" என்பார், வங்காளி "மாத்தா குர்ச்சே" என்பார், ஒடியாக்காரர் "முண்டா புலாஉச்சி" என்பார். மூன்றுக்கும் தலை சுற்றுகிறது என்றே பொருள். மொழி புரியாமல் சிரித்துவிட்டுப் போனதால் நேரம் போன சம்பவங்கள் உண்டு.

எல்லா மயக்கமும் வெயில் மயக்கம் இல்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழிப்பாக இருந்தால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நெஞ்சு வலி, இடக்கை வலி என்றால் மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108.

8. வெப்பச் சோர்வு என்றால்: முதல் அரைமணி

புத்தி தெளிவாக இருக்கிறது, ஆள் துவண்டிருக்கிறார். முதலில் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். சாரத்திலோ ஏணியிலோ இருந்தால் தனியாக இறங்க விடாதீர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். வெப்பத்தைவிட விழுந்து அடிபடுவதுதான் பெரிய சேதம் செய்யும்.

படுக்க வைத்து, காலுக்குக் கீழே சிமெண்ட் சாக்குகளை மடித்து அடுக்கி ஓரடி உயர்த்துங்கள். தோலுக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்பும், கிறுகிறுப்பு குறையும். பெல்ட், ஷூ, மேல்சட்டையைத் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேர் காற்றையும் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

அப்புறம் ஈரத்துணி, விசிறி. ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் துணியே சூடாகி உடம்பை மூடிய கம்பளியாகிவிடும். நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாகத்தான் குடிக்கக் கொடுப்பது. எல்லோரும் முதலில் சோடாவோடு வருவார்கள். உமட்டலோடு இருப்பவர் மடக்கென்று குடித்தால் வாந்தி எடுத்து, இருக்கிற நீரையும் இழப்பார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று ஓ.ஆர்.எஸ்.ஸோ, உப்புப் போட்ட மோரோ கொடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சரியாகும்.

அரைமணி நேரத்தில் முகம் தெளிய வேண்டும். தெளியவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மயங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே 9-ஆம் படி. தெளிந்துவிட்டாலும் அன்று அவருக்கு வேலை முடிந்தது. "இப்ப பரவாயில்லண்ணே" என்று எழுந்து நிற்பார். அனுப்பாதீர்கள். வெளியே தேறியிருந்தாலும் உள்ளே இன்னும் சூடு இறங்கியிருக்காது, இரண்டாவது முறை வேகமாக விழுவார்.

9. பேச்சு குழறினால்: முதலில் தண்ணீர், பிறகு வண்டி

பதறிப்போய் எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான். ஆட்டோவில் ஏற்றி, இருபுறமும் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து, நாற்பது நிமிடம் ஓட்டுகிறார்கள். அந்த நாற்பது நிமிடமும் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வெந்துகொண்டிருக்கின்றன. உள்வெப்பத்தை முதல் அரைமணிக்குள் இறக்கிவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அந்த அரைமணி உங்கள் சைட்டில்தான் இருக்கிறது.

ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும், அட்டையைப் பார்த்து வழி சொல்லட்டும். இன்னொருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். மீதிப் பேர் அந்த நொடியே தண்ணீர் ஊற்றத் தொடங்க வேண்டும்.

சிறந்த வழி உடம்பைத் தண்ணீருக்குள் வைப்பது. தார்ப்பாயை விரித்து நடுவில் ஆளைப் படுக்க வையுங்கள். நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் ஏணை மாதிரி குழியும். ஆறேழு குடம் சம்ப் தண்ணீரை ஊற்றி, ஐஸை உடைத்துப் போடுங்கள். தார்ப்பாயை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் தோலை ஒட்டிய சூடான தண்ணீர் விலகி, குளிர்ந்தது வந்து சேரும். தலைமாட்டில் ஒருவர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, தலையும் வாயும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. ஐஸ் இல்லை என்றாலும் சாதாரணத் தண்ணீரே பலன் தரும், ஐஸுக்காகக் காத்திருக்காதீர்கள். வயல்வெளி என்றால் பம்ப்செட் தொட்டி இருக்கிறது, அதைவிட நல்ல இடம் இல்லை.

தார்ப்பாய் இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றிலும் துணியில் சுற்றிய ஐஸ். ஒரு பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளிப்பது இதில் சேராது. நூறு லிட்டர் வேண்டிய இடத்தில் அரை லிட்டரைத் தெளித்துவிட்டு முதலுதவி செய்ததாக நினைக்கிறோம்.

வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பாதி நினைவில் இருப்பவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தால் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். தண்ணீருக்கு வெளியே எடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, நின்றதும் மறுபடி நனையுங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்கக்கூடாது. இது காய்ச்சல் இல்லை என்பதால் பாரசிட்டமால் வேலை செய்யாது, அடிபட்ட ஈரலுக்கு இன்னும் பாரம். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். சைட்டுக்கு இரண்டு பேராவது அதைப் பழகியிருக்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? நினைவு தெளிந்து சரியாகப் பதில் சொல்லும்போது, அல்லது உடம்பு நடுங்கத் தொடங்கும்போது. பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். அக்குளிலும் நெற்றியிலும் வைக்கும் தெர்மாமீட்டர் நனைந்த உடம்பில் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.

10. வழியிலும் ஆஸ்பத்திரியிலும்

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகி சொந்த வண்டியில் போக வேண்டியிருந்தால், ஈரத் துணியோடு, ஜன்னலைத் திறந்துவைத்து, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். சீட் நனையட்டும்.

டாக்டரிடம் "மயங்கி விழுந்துட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், அதற்கு முன் எப்படி நடந்துகொண்டார், எவ்வளவு நேரம் குளிர்வித்தோம், என்ன மாத்திரை சாப்பிடுகிறவர், வலிப்பு வந்ததா, சிறுநீர் என்ன நிறம். இதைப் போனிலேயே குறித்துக்கொண்டு போங்கள். வெயிலில் வேலை செய்யும்போது விழுந்தார் என்பது சீட்டில் எழுதப்பட வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று சொல்லியிருக்கிறது. பதிவில் வெப்பம் என்ற சொல்லே இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

11. மறுபடி வேலைக்கு எப்போது

சோர்வோடு தப்பியவருக்கு மறுநாளும் ஓய்வு. மூன்றாம் நாள் நிழல் வேலை. அதற்குப் பிறகு புது ஆளுக்குச் சொன்ன கணக்கையே தொடங்குங்கள், ஏனென்றால் ஒருமுறை விழுந்த உடம்பு சில நாட்களுக்கு வெப்பத்தைத் தாங்காது. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர் டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

விழுந்த அன்று சாயந்திரமே மற்றவர்களை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். எந்த மணிக்குத் தண்ணீர் போகவில்லை, யார் முதலில் கவனித்தார், டிரம் நிறைந்திருந்ததா. ஐஸ் தீர்ந்திருந்தால் அப்போதே ஆள் அனுப்பி வாங்கி, பெட்டியில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.